ஐரோப்பாவில் அரசு டெண்டர் போட்டவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். நெதர்லாந்தில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. போன மாதம் ஒரு நகராட்சியின் டெண்டரைப் பார்த்தோம். மூன்று வருட ஒப்பந்தம், மொத்த மதிப்பு 4 லட்சம் யூரோ. வேலை எங்களுக்குக் கை வந்த வேலைதான். ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ஆண்டு விற்றுமுதல் குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டுமாம். அங்கேயே கதை முடிந்தது.

2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த 24-ஆம் எண் டைரக்டிவ் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய பொது விதி), ஒப்பந்த மதிப்பைப் போல இரு மடங்குக்கு மேல் விற்றுமுதல் கேட்கக் கூடாது என்கிறது. கேட்டால் காரணத்தை எழுத வேண்டும். இதில் காரணம் எதுவும் இல்லை. வேலையைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரிக்காவிட்டாலும் காரணம் சொல்ல வேண்டும். "நிர்வாக வசதி" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். சிறு நிறுவனங்களுக்கும் வழி திறக்கச் செய்த சீர்திருத்தம் இந்த டைரக்டிவ்! ஆனால் 2011-இலிருந்து 2021-க்குள் ஒரே ஒருவர் மட்டும் போட்டியிட்ட டெண்டர்கள் 23.5 சதவீதத்திலிருந்து 41.8 ஆகிவிட்டன என்று ஒன்றியத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றமே சொல்கிறது.

என் கேள்வி இதுதான். இந்த நிபந்தனையை, விண்ணப்பிக்கும் முன் சந்தேகம் கேட்கத் தரும் கேள்வி-பதில் காலத்திலேயே எதிர்க்க வேண்டுமா, முடிவு வந்தபின் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கிடைக்கும் காத்திருப்பு நாட்கள் வரை பொறுக்கலாமா? ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் இருப்பவர்கள் அங்கே எப்படி என்றும் சொல்லுங்கள். அப்புறம், புகார் கொடுத்தால் அடுத்த டெண்டரில் முகம் சுளிப்பார்களா?