தளம் போடுத அன்னைக்கு ஆளுக்கு ஒரு குவார்ட்டர் கேக்காவ, குடுக்கலாமா?

பாளை_வீடு:
வர்ற புதன்கிழமை வீட்டுக்கு தளம் போடுதோம். பாளையங்கோட்டைல சின்ன வீடுதான், 850 சதுரடி. நேத்து கொத்தனார் வந்து ஜல்லி, எம் சாண்ட் கணக்கெல்லாம் சொல்லிட்டு கடைசில, "மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் ஆம்பளையாளுக்கு ஆளுக்கொரு குவார்ட்டர், அது வழக்கம் அண்ணாச்சி"ன்னுட்டுப் போயிட்டாரு. எங்கய்யா 52 வயசுல ஈரல் கெட்டு செத்தாரு, குடிதான். நானே காசு குடுத்து பாட்டில் வாங்கி இன்னொருத்தன் கையில குடுக்க மனசு வரல. குடுக்கலன்னா வேலைய ஏனோதானோன்னு போட்டுட்டுப் போயிருவானுவளோன்னு பயமாவும் இருக்கு. என்ன செய்ய?

சாரம்_கட்டி:
வாங்கிக் குடுங்க அண்ணாச்சி. நான் 17 வருசமா சென்ட்ரிங் வேலை பாக்கேன். தளம் போடுத அன்னைக்கு என்ன நடக்குன்னு மேல ஏறி நின்னு பாத்திருக்கியளா, காலைல ஆறரைக்கு மிக்சர் ஓட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, நிறுத்துனா முதல்ல போட்டது இறுகி புதுசு ஒட்டாம பின்னால அந்த இடத்துல ஒழுகும், அதனால சோறு திங்கக்கூட மாத்தி மாத்திதான் உக்காருவோம், சட்டி கைமாறி கைமாறிப் போய்க்கிட்டே இருக்கும், சிமெண்ட் பால் வடிஞ்சு விரல் இடுக்குல தோல் வெந்து சின்னச் சின்ன ஓட்டையா விழும், ராத்திரி சோத்தப் பெசஞ்சா குழம்பு பட்டு உயிர் போவும். ஒரு கட்டிங் போட்டாத்தான் அன்னைக்கு கண்ணு மூடும். கம்பெனில வேலை பாக்கவன் குடிச்சா பார்ட்டிங்காவ, நாங்க குடிச்சா குடிகாரப் பயலுவங்காவ.

சொளவு:
இந்த வலிப் பேச்ச நான் பொறந்ததுல இருந்து கேக்கேன். எங்கம்மா முக்கூடல்ல பீடி சுத்துதா. காலைல சொளவ மடில வச்சா கழுத்து நிமிரது ராத்திரிதான், இலைய வெட்டி தூள வச்சு உருட்டி நூல் கட்டி தலை மடக்கின்னு ஆயிரம் பீடி, தூள் மூக்குல ஏறி வருசம் பூரா இருமல், வலது கை பெருவிரல் இப்ப நேரா நீட்ட வராது. அவளுக்கு வலிக்காதா? அவளுக்கு யாரு குவார்ட்டர் வாங்கிக் குடுத்தா? எங்கப்பா லோடு ஏத்தப் போவாரு, சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கடைல முடிஞ்சிரும், ஞாயித்துக்கிழமை அந்தப் பீடிக் காசுல கறி எடுக்கலன்னு தட்டு பறக்கும். வலிக்கவியல்லாம் குடிக்கணும்னா எங்கம்மாதான் முதல்ல குடிச்சிருக்கணும்.

சாரம்_கட்டி:
உங்க அப்பா செஞ்சது தப்புதான் தாயி, நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. ஆனா அவரு அந்தப் பழக்கத்துக்கு எங்க போயி விழுந்தாருன்னு யோசிங்க. என்னைய 16 வயசுல முதல் தளத்துக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு வீட்டுக்காரரு குடுத்த பாட்டில்தான் நான் தொட்ட முதல் பாட்டில், வேண்டாம்னதுக்கு "ஆம்பளையால"ன்னு கேட்டாவ. வேலையோட சேத்துத்தான் இதக் கத்துக்குடுக்காவ.

சொளவு:
இதத்தான சொல்லுதேன், அப்ப அண்ணாச்சி வாங்கிக் குடுக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டிய.

லோடு_வண்டி:
புளியரை வழியா கேரளாவுக்கு ஜல்லி ஓட்டுதேன். எங்க லைன்ல குடிய விட கூல் லிப், ஹான்ஸ்னு வாயில வைக்குத புகையிலைதான் ஜாஸ்தி, 2013லயே குட்காவுக்குத் தடை போட்டாச்சு, ஆனா கேட்டா கேட்ட இடத்துல கிடைக்கு. ராத்திரி நடை, மறுபடி பகல் நடைன்னு ஓனர் விரட்டுனா கண்ணு சொருகத்தான செய்யும், உதட்டுக்குள்ள வச்சிக்கிட்டு ஓட்டுதானுவ. குடிச்சிட்டு ஓட்டுனா 10,000 அபராதம், 2019ல இருந்து, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டுனாலே கேசு. ஆளத் தூங்க விடாம நடை அடிக்கச் சொல்லுத ஓனருக்கு என்ன அபராதம்னு கேட்டுப் பாருங்க.

பனங்காட்டான்:
எல்லாத்துக்கும் காரணம் 1987ல கள்ளுக்குத் தடை போட்டதுதான். பனையேறி பொழப்பும் போச்சு, 2003ல சில்லறைக் கடையவும் டாஸ்மாக்கே எடுத்துக்கிட்டு கூலிக்காரன் காச உறிஞ்சுது.

டூட்டி_நர்ஸ்:
பனையேறிக்கு நடந்தது அநியாயம்தான், அதுக்குத் தனியா பேசுவோம். கள்ளுலயும் இருக்கது ஆல்கஹால்தான், ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது.

நான் குடி மறக்க வாரவிய படுக்குத வார்டுல வேலை பாக்கேன். கொத்தனார், குவாரி ஆளு, துப்புரவு வேலை பாக்கவிய, பேங்க் ஆபீசர், வாத்தியார் எல்லாரும் அதே கட்டில்லதான் படுக்காவ. ஆஸ்பத்திரி ஆட்களே ஊசி மருந்துக்கு அடிமையாகி வந்திருக்காவ, மருந்து பக்கத்துல இருந்தா அது ஒரு ஆபத்து. ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாவ. சாக்கடை நாத்தம் தாங்கலன்னு ஒருத்தரு, டார்கெட் டென்ஷன்னு ஒருத்தரு. ரெண்டும் பொய் இல்ல.

ஆனா தூக்கம்னு சொன்னியளே அண்ணன், அது மட்டும் தப்பு. குடிச்சா சீக்கிரம் அசந்துருவிய, ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு முழிப்பு வந்துரும், ஆழ்ந்த தூக்கம் கிடைக்காது, வெயில்ல வேலை பாத்த ஒடம்புல இருந்து இன்னும் தண்ணி வெளிய போவும், காலைல வலி கூடத்தான் இருக்கும். விரல் வேகுததுக்கு ரப்பர் கையுறையும் பூட்சும் கேளுங்க. இன்னொன்னு, வருசக்கணக்கா தினம் குடிக்கவிய வைராக்கியத்துல ஒரே நாள்ல நிறுத்தாதிய. கை நடுங்கும், வேர்க்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், அப்புறம் இல்லாத ஆளு நிக்க மாதிரி பேசுவாவ, உயிருக்கே ஆபத்து. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல கேட்டு, மாத்திரையும் தயமின்ங்க வைட்டமின் ஊசியும் போட்டு நிறுத்தணும். போதை மறக்க உதவுத அரசு நம்பர் 14446க்கு போன் போட்டாலும் வழி சொல்லுவாவ.

சாரம்_கட்டி:
கையுறை கேட்டா கேங்ல சிரிப்பானுவம்மா. ஆனா நீங்க சொல்லுதது சரி, ரெண்டு மணிக்கு முழிப்பு வருது. நான் வயசாயிட்டுன்னு நெனச்சேன்.

சொளவு:
பாளை வீடு அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். சட்டி தூக்குததுல சித்தாளு அக்காமாரும் இருப்பாவல்லா? ஆம்பளையாளுக்கு குவார்ட்டர்னா அவியளுக்கு என்ன?

பாளை_வீடு:
கேட்டேன். ஒண்ணும் கிடையாதாம்.

சொளவு:
அப்ப அது வலிக்குக் குடுக்கது இல்ல. கூலியில ஒரு பங்கு, அத ஆம்பளைக்கு மட்டும் பாட்டில்ல ஊத்திக் குடுக்கிய. காசா குடுங்க, எல்லாருக்கும் குடுங்க.

லோடு_வண்டி:
காசா குடுத்தா நேரா கடைக்குத்தான் போவானுவ.

சொளவு:
போறவன் போவட்டும். போவாதவனையும் நீங்க ஏன் கூட்டிட்டுப் போறிய?

பாளை_வீடு:
வியாழக்கிழமை எழுதுதேன். தளம் போட்டாச்சு. முந்துன நாளே கொத்தனார்ட்ட பாட்டில் கிடையாது, கூலிக்கு மேல ஆளுக்கு 200 ரூபா, ஆம்பளை 11, பொம்பளை 5, எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். அவரு மூஞ்சி சரியில்ல. ரெண்டு பேரு வரல, மூணு மணிக்கு முடிய வேண்டியது அஞ்சரை ஆச்சு, நானும் மச்சினனும் சட்டி வாங்குனோம், சாரம் கட்டி தம்பி சொன்ன மாதிரி என் விரல் இடுக்கு இப்ப எரியுது. இன்னைக்கு காலைல பாத்தி கட்டி தண்ணி நிப்பாட்டப் போனா மணல் பக்கத்துல காலி பாட்டில் மூணு கெடக்கு. மத்தவிய என்ன பண்ணுனாவன்னு தெரியாது. கடைசியா காசு வாங்குன சித்தாளு அக்கா, கூலிய எண்ணிப் பாத்துட்டு 200ஐ மட்டும் தனியா எடுத்து என்ட்ட நீட்டி, "இது கூட வந்துட்டு அண்ணாச்சி"ன்னாவ.

சாரம்_கட்டி:
அடுத்த தளத்துக்கு இந்த கேங் உங்களுக்கு வராது, இப்பவே சொல்லிட்டேன். எங்க ஆளுவ இருக்கோம், நம்பர் தாரேன். கையுறை நீங்க வாங்கி வச்சிருங்க.