புதுப்பிப்பு: 1911 பிஸ்டலுக்குப் புது சேஃப்டி

சாட்ஸ்வொர்த்திலிருந்து மறுபடியும் நான். என் 1911 மாடல் பிஸ்டலின் கட்டைவிரல் சேஃப்டி (சுடாமல் தடுக்க, கட்டைவிரலால் ஏற்றி இறக்கும் பூட்டு) தொளதொளவென்று இறங்கிவிடுகிறது, வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருந்தேனே, வேலை முடிந்தது. ஹாமரை (பிஸ்டலின் பின்னால் இருக்கும் சுத்தியல்) இழுத்து வைத்தால் புது சேஃப்டி மேலே ஏறவே இல்லை. பழுதில்லை; உள்முனையைக் கூடுதலாகவே விட்டிருப்பார்கள், அராவித்தான் பொருத்த வேண்டும். நான் அரத்தைத் தொடவில்லை. உரிமம் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்தேன். முனையில் மார்க்கர் மை பூசி, உரசிய இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மாட்டிப் பார்ப்பார், மறுபடி கழற்றுவார். பொறுமைசாலி! அதிகம் தேய்ந்தால் சேஃப்டி போட்டிருந்தாலும் சியர் (ஹாமரைப் பிடித்து வைக்கும் பாகம்) அசையும், பாகம் குப்பைக்குத்தான்.

அப்புறம் காலி பிஸ்டலில் சேஃப்டியைப் போட்டு டிரிக்கரை அழுத்திவிட்டு, சேஃப்டியை இறக்கி ஹாமரை மெல்லப் பின்னிழுத்துக் காதை வைத்தார். 'டிக்' சத்தம் வரக் கூடாதாம்; வந்தால் சியர் அசைந்துவிட்டது என்று அர்த்தம். வரவில்லை. ஸ்பிரிங் பற்றிக் கேட்ட தம்பிக்கு: சேஃப்டியை அதன் நிலையில் பிடித்து வைக்கும் பிளஞ்சர் ஸ்பிரிங்கும் மாற்றியாயிற்று.