பணம் ஒரு தடையே இல்லைன்னா, உங்க பட்டறையில எந்த மெஷின் நிற்கும்?

பீளமேட்டுப் பட்டறை:
வணக்கமுங்க. வீட்டுக்குப் பின்னாடி 12க்கு 15 அடி அறை. பழைய நாலரை அடி லேத் (கடைசல் மெஷின்), ஒரு பெஞ்ச் டிரில், அவ்வளவுதான். சின்ன நீராவி எஞ்சின் மாடல் செஞ்சுட்டிருக்கேன். போன வாரம் பிஸ்டன் ராடு கடைஞ்சதுல 150 மி.மீ. நீளத்துக்கு 0.08 மி.மீ. டேப்பர் விழுந்துருச்சு, ஒரு முனை பெருசு, மறு முனை சிறுசு. அன்னிக்கு ராத்திரி பூரா இதே நினைப்பு. விலையே பார்க்க வேண்டாம்னா, இந்த அறைக்குள்ள அடங்கற மாதிரி எதை வைப்பீங்க?

டூல்ரூம் பழையவர்:
தம்பி, 31 வருஷம் டூல் ரூம்ல நின்னவன் நான். யோசிக்கவே வேண்டியதில்ல. ஹார்டிஞ்ச் எச்எல்வி-எச். நியூயார்க் மாநிலத்து எல்மைராவுல செஞ்ச லேத். எங்க டூல் ரூம்ல ஒன்னு இருந்துது. 5சி கோலட் (கம்பியைக் கவ்வுற பிடி) நேரா ஸ்பிண்டில்லயே (சுத்துற தண்டுலயே) உட்காரும். வேகம் நிமிஷத்துக்கு 125 சுத்துல இருந்து 3000 வரைக்கும், பெல்ட் மாத்தாம, ஓடும்போதே ஏத்தலாம் இறக்கலாம்.

ஆனா என் மனசுல நிக்கறது அதுல மரை வெட்டுற விதம். நம்ம லேத்துல தோள்பட்டை வரைக்கும் மரை போடறப்ப மூச்சைப் பிடிச்சுட்டு நிப்போமில்ல? அதுல ஸ்டாப்பர் வெச்ச இடத்துல லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்துற நீளத் திருகு) தானா நின்னுரும், ஸ்பிண்டில் பாட்டுக்குச் சுத்திட்டிருக்கும். ஒரு லிவரைத் தட்டினா டூல் பின்வாங்கிரும். அப்படியே ரிவர்ஸ்ல கொண்டு வந்து அடுத்த வெட்டு. லீட் ஸ்க்ரூவைக் கவ்வுற ஹாஃப் நட்டைக் கழட்டவே வேண்டாம், அதனால மில்லிமீட்டர் மரையும் பிசகாது. முதல் தடவை அதுல வெட்டின அன்னிக்கு, சாப்பாட்டு மணி அடிச்சும் நான் நகரல.

ஹார்டிஞ்ச் கிடைக்கலைன்னா சுவிஸ் ஷாப்லின் 102. சென்டர் உயரம் (பெட்ல இருந்து ஸ்பிண்டில் நடு வரைக்கும்) 102 மி.மீ., அதுதான் பேரே.

மில்லிங் பிரியன்:
ஐயா சொன்ன லேத்துக்குப் பக்கத்துல மியூனிக் டெக்கல் எஃப்பி1 மில்லிங் மெஷின் வேணும். ஸ்பிண்டில் படுக்கையா இருக்கும், மேல வெர்டிகல் ஹெட்டைச் சாய்ச்சுக்கலாம். யுனிவர்சல் டேபிள் போட்டா ஜாபையும் சாய்ச்சுக்கலாம். ஸ்லாட்டிங் ஹெட் மாட்டினா கீவேயும் (சாவி உட்கார்ற காடியும்) அதுலயே. சின்ன அறைக்கு அதுவே ரெண்டு மூணு மெஷினுக்குச் சமம்.

கரண்டுக்காரர்:
ரெண்டும் த்ரீ பேஸ் மோட்டாராத்தான் வரும். வீட்டுல சிங்கிள் பேஸ்னா, அதை த்ரீ பேஸா மாத்திக் குடுக்கற விஎஃப்டி போட்டு ஓட்டிக்கலாம். மோட்டார் டெர்மினல்ல 220 வோல்ட்டுக்கு டெல்டா (முக்கோண) இணைப்பு கொடுக்க முடியுமான்னு மட்டும் முதல்ல பாருங்க.

டூல்ரூம் பழையவர்:
தம்பி, அந்த 0.08 என் கண்ணுல உறுத்திட்டே இருக்கு. ராடோட மறு முனையைத் தாங்க டெயில்ஸ்டாக் சென்டர் குடுத்தீங்களா? குடுத்திருந்தா முதல் சந்தேகம் அதுமேலதான். ஒன்னு பண்ணுங்க. 40 மி.மீ. கம்பி ஒன்னை சக்குல பிடிச்சு, சென்டர் குடுக்காம 150 மி.மீ. வெளிய விடுங்க. ரெண்டு ஓரத்துலயும் காலர் (பருத்த வளையம்) விட்டு, நடுவுல இறக்கிட்டு, ரெண்டு காலரையும் ஒரே லேசான வெட்டுல எடுத்து மைக்ரோமீட்டர்ல அளங்க. வித்தியாசம் வந்தா பெட்ல (லேத்தோட அடித்தளத்துல) முறுக்கு இருக்கலாம். மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வு காட்டுற மட்டம் வெச்சு, கால் போல்ட்டைத் தொட்டுத் தொட்டுத்தான் சரி பண்ணணும். விலை பார்க்க வேண்டாம்னு நீங்க சொன்ன பணத்துல நான் முதல்ல வாங்கறது அந்த மட்டமும் அளக்கறதுக்கான தட்டைக் கல்லான ஒரு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டும்தான்.

பீளமேட்டுப் பட்டறை:
சென்டர் குடுத்துத்தான் கடைஞ்சேனுங்க ஐயா. 40 கம்பி கையில இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு காலர் அளவையும் இங்கயே போடறேன்.