கண்டியில் போர்டிங்: ஒரே சபை என்றால் நம்பலாமா?

தங்கச்சிக்குக் கண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. ஹட்டனிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறை பார்த்தோம். கூட இருக்கப்போகிற இரண்டு பெண்களும் முன்பின் தெரியாதவர்கள்.

"நம்ம சபைப் பிள்ளைகள்தானே" என்று அம்மா நிம்மதியாக இருக்கிறார். எனக்கு அது போதவில்லை. ஜெபத்துக்குத் தவறாமல் வருகிற பிள்ளை கரண்ட் பில்லில் பங்கையும் தவறாமல் கொடுக்குமா? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராக்காரர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், எங்கள் வீட்டுச் சாவி அவர்களிடம்தான் இருக்கும். ஆனால் ஒன்று, சபை என்றால் விசாரிக்கவாவது ஆள் இருக்கிறது.

கண்டிப் பக்கம் இப்படித் தங்கியவர்கள் சொல்லுங்கள்: அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்தப் பிள்ளைகளிடம் என்னென்ன கேட்க வேண்டும்? சமையல், இரவு வருகிற நேரம், விருந்தாளிகள் பற்றி முதலிலேயே பேசிவிடலாமா?