ஆன்லைன் மாட்யூல் முடிச்சா இன்சுலின் போடலாமாம்!

டியூட்டி சிஸ்டர்: நேத்து இங்க ஒரு மகானுபாவர் திருவாய் மலர்ந்திருக்கார்: நர்ஸிங் பசங்களுக்கு நோயாளி பாதுகாப்பை முழுக்க ஆன்லைன்லயே நடத்திடலாம், வார்டுல நிக்க வெச்சுச் சொல்லித் தர்றது நேர விரயம்னு. சார், மருந்துக் குப்பியில மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின், கையில மில்லிக்கு 40 யூனிட்னு கோடு போட்ட சிரிஞ்சு. ஆர்டர் 10 யூனிட். 10 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25. எந்த மாட்யூல் வந்து கையைப் பிடிக்கும்?

மாட்யூல் மன்னன்: அந்த மகானுபாவர் நான்தான். 40 சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஒரு நிமிஷ வீடியோ. டெமோ ரூம்ல பின்னாடி நிக்கிற பொண்ணுக்குத் தெரியறது முன்னாடி நிக்கிறவ கொண்டை மட்டும்தான்.

டியூட்டி சிஸ்டர்: மூடியைக் கழட்டின பிறகு?

மாட்யூல் மன்னன்: கழட்டறதுக்கு முன்னாடியே பாருங்கன்னுதான் பாடமே.

டியூட்டி சிஸ்டர்: நைட் டியூட்டி பாத்திருக்கீங்களா? ட்ரேயில மூடி ஒரு பக்கம், சிரிஞ்சு ஒரு பக்கம் கிடக்கும். மிச்சம் இருக்கறது குழல்மேல பொடி எழுத்து. அதை விரல்ல உருட்டிப் படிக்கிற பழக்கம் வார்டுலதான் வரும். திரும்பவும் கேக்கறேன், மூடியைக் கழட்டின பிறகு?

மூணாம் வருஷம்: அக்கா, உலக சுகாதார நிறுவனம் 2011ல போட்ட பாடத்திட்ட வழிகாட்டியில 11 தலைப்பு இருக்கு. மருந்து அதுல ஒண்ணுதான். தொற்றுத் தடுப்பு, டீம் வொர்க், தப்புல இருந்து கத்துக்கறது இதெல்லாம் ஆன்லைன்ல படிக்கலாமே?

டியூட்டி சிஸ்டர்: 11ஐயும் ஒப்பிச்சுட்டு வாப்பா, அப்புறம் சிரிஞ்சை நீட்டறேன். செப்டம்பர் 17 வந்தா நோயாளி பாதுகாப்பு தினம்னு கட்டடத்துக்கெல்லாம் ஆரஞ்சு லைட் போடறாங்க. ஆரஞ்சு மூடிதான் யாருக்கும் தெரியல.

மாட்யூல் மன்னன்: இப்ப எல்லாம் இன்சுலின் பேனாதான். சிரிஞ்சையே இன்னும் எத்தனை நாளைக்குப் பிடிச்சுத் தொங்குவீங்க?

டியூட்டி சிஸ்டர்: வாங்க, வாங்க! பேனாவுக்குள்ள இருக்கற மருந்துக் குழலும், அதான் கார்ட்ரிட்ஜ், 100தான். பேனா ஊசி தீர்ந்துட்டா அதுக்குள்ளயே 40 சிரிஞ்சைக் குத்தி இழுக்கறவங்க இருக்காங்க. உங்க வீடியோவுல அது வருதா?

பழைய பேட்ச்: எங்க ஜிஎன்எம் (நர்ஸிங் டிப்ளமா) காலத்துல இந்தக் கேள்வியே வராது. பி.எஸ்சி. நர்ஸிங் பட்டம் வந்துதான் எல்லாம் காகிதமாச்சு.

மூணாம் வருஷம்: ஆரம்பிச்சாச்சா? உங்க காலத்துல தப்பே நடக்கலையா, இல்ல எழுதி வைக்கலையா?

பழைய பேட்ச்: க்விஸ் விடையை வாட்ஸ்அப்ல வாங்கி நூத்துக்கு நூறு எடுக்கற கூட்டம் என்னைக் கேள்வி கேக்குது.

மாட்யூல் மன்னன்: விடை வெளியாகுதுன்னா கேள்வியை மாத்தலாம். அதுக்காகப் பாடமே வேண்டாமா?

டியூட்டி சிஸ்டர்: பேச்சை மாத்தாதீங்க சார். கார்ட்ரிட்ஜ் வருதா, இல்லையா?

மாட்யூல் மன்னன்: சேர்த்துக்கலாம். ஆனா சிவப்பு சிவப்புதான், ஆரஞ்சு ஆரஞ்சுதான்.