பாண்டில கைடோட சைக்கிள் ரைடு போனவங்க, வழில யார சந்திச்சீங்கன்னு சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பத்தாவது பரீட்சை முடிச்ச மகளைக் கூட்டிட்டு போன மாசம் சேலத்துல இருந்து பாண்டி போயிருந்தேன். இதுக்கு முன்னாடி மூணு தடவ போயிருக்கேன், மூணும் கார்லதான், பீச்ல நின்னு போட்டோ, மணக்குள விநாயகர், ஆரோவில்ல அந்தத் தங்க உருண்டைய தூரத்துல இருந்து பாக்கறது, ராத்திரி ஊர் திரும்பறது, அவ்ளோதான் பாண்டினு இருந்தேன். இந்தத் தடவ மக பிடிவாதமா சைக்கிள் ரைடுக்கு சொல்லி வெச்சுட்டா. கைடு ஒருத்தர் கூடவே வந்து ரெண்டு மூணு மணி நேரம் ஊரச் சுத்திக் காட்டுவாங்க. போயிட்டு வந்து இத்தன நாளாகியும் மனசுல ஓடிட்டே இருக்கு, அதான் எழுதறேன்.

காலைல ஆறேகாலுக்கு பீச் ரோட்டுக்கு வரச் சொன்னாங்க. சாயங்காலம் ஆறுல இருந்து காலைல ஏழரை வரைக்கும் அங்க வண்டி விடமாட்டாங்க, அதனால அலை சத்தமும் வாக்கிங் போறவங்க செருப்பு சத்தமும்தான். கைடு தம்பி இருபத்தஞ்சு வயசு இருக்கும், உள்ளூர்ப் பையன். முதல் வேலையா ஒவ்வொருத்தர் சீட்டையும் உயரம் பாத்து ஏத்தி இறக்கி, பிரேக்க அழுத்திப் பாத்து, பெல் அடிச்சுப் பாத்து அப்புறம்தான் கெளப்புனாரு. நாங்க மொத்தம் ஆறு பேரு. கூட்டமா இருக்கற எடத்துல தள்ளிட்டே நடந்தோம். காந்தி சிலைய சுத்தி நிக்கற எட்டு கருங்கல் தூணும் செஞ்சில இருந்து வந்ததுன்னாரு, பழைய லைட்ஹவுஸ் 1836ல ஏத்துனது, 1979 வரைக்கும் எரிஞ்சதுன்னாரு.

அப்புறம் துய்மா வீதிக்குள்ள திரும்புனோம். மஞ்ச செவுரு, போகன்வில்லா, நீலப் போர்டுல பிரெஞ்சுலயும் தமிழ்லயும் தெரு பேரு, நீங்க எல்லாரும் போட்டோல பாத்ததுதான். அங்க ஒரு பெரியவர், எண்பது வயசுக்குப் பக்கம் இருக்கும், கைல நீட்ட ரொட்டிய பேப்பர்ல சுத்திப் புடிச்சிட்டு எதுக்க வந்தாரு. கைடு தம்பி "போன்ழூர் ஐயா"ன்னாரு, அவரும் "போன்ழூர்"னு சொல்லிட்டு நேரா என் மகளப் பாத்து "எந்த ஊரும்மா?"ன்னாரு. சேலம்னதும் "மாம்பழம் வந்துருச்சா?"ன்னு கேட்டாரு பாருங்க, அதுக்கு மேல வண்டிய நகத்த முடியல.

அவரு பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு. பாண்டில இவங்கள சொல்தான்னு சொல்றாங்க. ஆப்பிரிக்கால ஜிபூட்டிங்கற நாட்டுல மூணு வருஷம் இருந்தாராம், அங்க வெயில்ல இரும்பத் தொட முடியாதுன்னாரு. 1954 நவம்பர் 1ல பாண்டி நிர்வாகம் பிரெஞ்சுக்காரங்க கிட்டருந்து நம்ம கைக்கு வந்துச்சு, ஆனா ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ல, அப்போ ஆறு மாசத்துக்குள்ள விருப்பம் எழுதிக் குடுத்தவங்க பிரெஞ்சுக் குடியுரிமைய வெச்சிக்கலாம்னு இருந்துச்சாம். இவங்க அப்பா எழுதிக் குடுத்தாரு, பெரியப்பா குடுக்கல. ஒரே வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு நாட்டுக்காரங்க ஆயிட்டாங்க. இன்னைக்கும் பிரான்ஸ் எலெக்‌ஷனுக்கு இவரு பாண்டிலயே ஓட்டு போடறாரு. ஜூலை 14 அன்னிக்கு மெடல் எல்லாம் குத்திக்கிட்டு போர் நினைவுச் சின்னத்துக்கு நடந்து போவேன், இப்ப கால் வலிக்குது ஆனாலும் போவேன்னாரு. குருசுக்குப்பத்துல வீடாம், ரொட்டி ஆறிடும்னு கெளம்பிட்டாரு.

அடுத்து வாய்க்கால் தாண்டுனோம். கார்ல போனப்ப அது ஒரு சாக்கடைன்னுதான் பாத்திருக்கேன். பிரெஞ்சுக்காரங்க இருந்த பக்கத்தையும் தமிழங்க இருந்த பக்கத்தையும் பிரிச்ச கோடு அதுதானாம். தாண்டுன உடனே வீடுங்க வேற மாதிரி ஆயிடுது. அந்தப் பக்கம் உயர மதில், பெரிய கேட்டு, தோட்டம் உள்ள. இந்தப் பக்கம் தெருவ ஒட்டியே மரத்தூண் வெச்ச தாழ்வாரம், அத ஒட்டி திண்ணை, அப்புறம்தான் கதவு. வைசியாள் வீதில கைடு தம்பி வண்டிய நிறுத்துனாரு. அந்தத் தெருவ பழைய முகத்தோடயே சீர் பண்ணதுக்கு 2008ல யுனெஸ்கோ விருது கெடச்சிருக்கு.

அங்கருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுத் திண்ணைல ஒரு பாட்டி உக்காந்து கீர ஆஞ்சிட்டு இருந்தாங்க. "தம்பி, இன்னிக்கு எத்தினி பேரு?"ன்னு கேட்டு உள்ள போய் சொம்புல தண்ணி கொண்டாந்தாங்க. தெனமும் குடுப்பாங்களாம். கீழ் வீடு முழுக்க நம்ம கட்டு, முற்றம், மரத்தூண், பின்கட்டு எல்லாம் இருக்கு, மாடி மட்டும் வளைவு வெச்ச ஜன்னலும் பால்கனியுமா பிரெஞ்சு மாதிரி. மாமனார் காலத்துல ஏத்துன மாடியாம். என் மக, ஏன் பாட்டி வாசலுக்கு வெளிய தூண் வெச்சு கூரை போட்டிருக்கீங்கன்னு கேட்டா. "மழ வந்தா ரோட்ல போறவங்க எங்க நிப்பாங்க கண்ணு, அவங்களுக்குத்தான்"னாங்க.

சுண்ணாம்புக் காரை பெயர்ந்தா பூசத் தெரிஞ்ச கொத்தனார் கெடைக்கறதில்லையாம், வர்றவங்க சிமெண்ட் வெச்சு அடைக்கறாங்க, அது உள்ள ஈரத்தப் புடிச்சு செவுத்த இன்னும் கெடுக்குது. மகனுங்க ரெண்டு பேரும் வெளியூர், வித்துடலாங்கறாங்க. பக்கத்துல நின்ன வீடு இப்ப மூணு மாடி, கீழ ஷட்டர் போட்ட கடை. பாட்டி குறையா எதையும் சொல்லல, கீரைய ஆஞ்சிட்டே சொன்னாங்க, எனக்குத்தான் தொண்டை அடைச்சுருச்சு. இந்த வீடுங்க போயிடக் கூடாதுங்க, நெஜமா சொல்றேன்.

கடைசியா வைத்திக்குப்பம். பீச் ரோட்டுக்கு வடக்க மீனவர் குப்பம். கரைல மணலுக்குப் பதிலா கருங்கல்லு மேல கல்லா அடுக்கி இருக்கு, அந்தக் கல்லு மேல ஒரு அண்ணன் வல சரி பண்ணிட்டு இருந்தாரு. "நான் சின்ன புள்ளைல இங்க கபடி ஆடிருக்கேன்மா"னு அவரு காட்டுன எடம் முழுக்கத் தண்ணி. வருஷத்துல பாதிக்கு மேல தெண்டி வெள்ளம், அதாவது தெக்கருந்து வடக்க ஓடற நீரோட்டம், அதுதான் மணல கொண்டாந்து போடும். 1980கள் கடைசில தெக்க அரியாங்குப்பம் ஆத்து மொகத்துல துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள கல் செவுரு நீட்டுனாங்க, மணல் அந்தப் பக்கமே நின்னுருச்சு, இங்க கடல் தின்ன ஆரம்பிச்சுருச்சு. தலைமைச் செயலகத்துக்கு எதுக்க 2018ல தண்ணிக்கடியில ஆப்பு மாதிரி ஒரு பெரிய இரும்புக் கூட்ட எறக்குனதுக்கப்புறம் அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பிருக்கு. நாங்க அதுலதான் முந்தின நாள் சாயங்காலம் கால் நனைச்சோம், அது எப்பிடி வந்த மணல்னு தெரியாம. இங்க எங்க குப்பத்துக்கு எப்ப வரும்னு அந்தண்ணன் கேட்டாரு, கைடு தம்பி பதில் சொல்லாம தல குனிஞ்சு நின்னாரு.

உங்களுக்கு இப்பிடி யாராச்சும் கெடச்சாங்களா? எழுதுங்க.

முத்தியால்பேட்டைக்காரன்:

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்பிடியே உக்காந்துட்டேன். நான் பாண்டிலயே பொறந்து வளந்தவன், சொந்த ஊர்ல காசு குடுத்து யாராவது ரைடு போவாங்களான்னுதான் இருந்தேன். போன டிசம்பர்ல அத்த பையன் குடும்பத்தோட பாரிஸ்ல இருந்து வந்தான், அவன் புள்ளைங்களுக்காகக் கூடப் போனேன்.

பாரதி பூங்கால ஆயி மண்டபம் முன்னாடி நின்னப்ப கைடு ஒரு கத சொன்னாரு. கிருஷ்ணதேவராயர் காலத்துல ஆயிங்கற ஒரு தாசி, ராஜா கோவத்துல உத்தரவு போட்டதும் தன் மாளிகைய தானே இடிச்சு அந்த எடத்துல ஊருக்குக் குளம் வெட்டுனாங்களாம். பின்னால பிரெஞ்சுக்காரங்க முத்திரையர்பாளையத்துல இருந்து டவுனுக்குத் தண்ணி கொண்டாந்தப்ப அவங்க நெனப்பா மூணாம் நெப்போலியன் காலத்துல கட்டுனதுதான் இந்த மண்டபம். கவர்மெண்டு முத்திரைல இருக்கற மண்டபம், ஸ்கூல் சர்டிபிகேட்லகூட பாத்திருக்கேன், ஒரு தாசி பேர்ல நிக்குதுன்னு முப்பத்தி நாலு வயசுல தெரிஞ்சிக்கறேன். அத்த பையன் பொண்ணு, ஒம்பது வயசு, பிரெஞ்சுல அவ தம்பிக்கு அந்தக் கதைய திரும்பச் சொல்லிட்டு இருந்தா.

மேரி பில்டிங், அதாவது பிரெஞ்சுக்காரங்க காலத்து டவுன் ஹால், அது முன்னாடி நான் நிறுத்தச் சொன்னேன். 1870கள்ல கட்டுன பழைய மேரி 2014 நவம்பர் 29 அன்னிக்கு மழைல இடிஞ்சு விழுந்துச்சு. அன்னிக்கு நான் ஓடிப் போய்ப் பாத்தேன், பெரிய பெரிய தூணெல்லாம் குவியலா கெடந்துச்சு, எங்கம்மாவும் அப்பாவும் கல்யாணத்தப் பதிஞ்ச எடம் அது. இப்ப நிக்கறது அதே மாதிரி திரும்பக் கட்டி 2021ல தெறந்தது. அன்னிக்குக் கைடுக்கு நான் கத சொன்னேன், அவரு கேட்டுட்டு "அண்ணா, இத நாளைல இருந்து நான் சொல்லிக்கவா?"ன்னாரு. சொல்லுப்பான்னேன்.

கோவையிலிருந்து ஒருத்தி:

நான் சைக்கிள் தொட்டு இருபது வருஷம் இருக்கும். ரைடுக்கு வரலைன்னு ஒரே அடமா இருந்தேன், எங்க வீட்டுக்காரரு பதிவு பண்ணிட்டாரு. கைடா வந்தது ஒரு பொண்ணு. பயமா இருக்குன்னதும் எல்லாரையும் நிக்க வெச்சுட்டு ஒரு காலி தெருவுல என் சீட்டப் புடிச்சிட்டே கூட ஓடி வந்துச்சு, அக்கா முன்னாடி பாருங்க ஹேண்டில்பாரப் பாக்காதீங்கன்னு சொல்லிட்டே. மூணாவது சுத்துல கைய எடுத்துருச்சு, எனக்குத் தெரியவே இல்ல. நான் எட்டாவது படிக்கறப்ப எங்கப்பா இப்பிடித்தான் ஓடி வந்தாரு, அவரு போயி ஆறு வருஷம் ஆச்சு.

ஊரு மட்டமா இருக்கு, மேடே இல்ல, நேர் நேரா தெரு, அதனால யாரும் பயப்பட வேணாம். காந்தி வீதிலயும் பெரிய மார்க்கெட் பக்கமும் மட்டும் கவனம், ஒம்பது மணி ஆச்சுன்னா வண்டி நெரிசல். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதியார் இருந்த வீட்டுக்குப் போனா அவ்ளோ காலைல பூட்டிருந்துச்சு. 1908ல வந்து பத்து வருஷம் இந்த ஊர்லதான இருந்தாரு, பிரிட்டிஷ் போலீஸ் இந்தப் பிரெஞ்சு எல்லைக்குள்ள புடிக்க முடியாதுங்கறதால. ரைடு முடிஞ்சு பதினோரு மணிக்கு நான் தனியா சைக்கிள எடுத்துட்டு அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். தனியா! எங்க வீட்டுக்காரரு ரூம்ல தூங்கிட்டு இருந்தாரு.

கடலூர் மாவட்டம்:

நான் போனது வேற ரூட்டு, சொல்லலாம்ல? டவுன விட்டுத் தெக்க நாலஞ்சு கிலோமீட்டர், கடலூர் ரோட்டுல போய் அரியாங்குப்பத்துல உள்ள திரும்பி, பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேடு. மெயின் ரோட்டுல பஸ்ஸுங்க ஒரசிட்டு போறது பயமாத்தான் இருந்துச்சு, பாலத்துக்கிட்ட என் வண்டி செயின் வேற கழண்டுருச்சு, கைடு ஓரமா கவுத்துப் போட்டு மாட்டித் தந்தாரு. ஆனா உள்ள திரும்புனதும் ஒரே மாந்தோப்பு, ஆத்தங்கர, சத்தமே இல்ல.

போனா பெருசா பாக்க ஒண்ணும் இல்லன்னு நெறைய பேரு சொல்வாங்க. செங்கல் செவுரு கொஞ்சம் நிக்கும், அதுவும் 18ஆம் நூற்றாண்டு பாதிரியாருங்க வீட்டோடது. பழசெல்லாம் மண்ணுக்குள்ள. 1945ல மார்டிமர் வீலர் தோண்டி ரோமாபுரி மது ஜாடித் துண்டு எல்லாம் எடுத்தாரு, அதெல்லாம் சரி, எனக்குப் புடிச்சது அதுக்கு முன்னாடி நடந்தது. ஜுவோ துப்ரேய்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1930கள்ல இங்க வெளாடிட்டு இருந்த புள்ளைங்க கைல இருந்துதான் பாசிமணியும் செதுக்குன கல்லும் வாங்கிருக்காரு, அதுல ஒண்ணுல இருந்த முகத்த அகஸ்டஸ் பேரரசர்னு சொன்னாராம்.

நாங்க போனதுக்கு முந்தின நாள் மழ. ஆடு மேச்சிட்டு இருந்த ஒரு அம்மா எங்களக் கூப்புட்டு மண்ணுல காட்டுனாங்க, கடுகு மாதிரி பச்சையா ஒரு கண்ணாடி மணி. எடுக்காதீங்க, இது தொல்லியல் துறை எடம்னு கைடு சொல்றதுக்கு முன்னாடியே அந்தம்மா "பாத்துட்டு வுட்டுடு சாமி, அது இங்கயே கெடக்கட்டும்"னாங்க. குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தோம், அப்புறம் அந்தம்மா கால் கட்டவெரலால மண்ண லேசா தள்ளி மூடிட்டாங்க.

முதல்ல எழுதுன சேலத்துக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கோவை அக்கா, நீங்க எழுதுனத எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், அவங்களும் ஓட்டிப் பாக்கறேங்கறாங்க. கடலூர்க்காரரே, ஜனவரில மழ விட்டதும் அரிக்கமேடு போலாம்னு மக இப்பவே நாள் பாக்கறா. முத்தியால்பேட்டைத் தம்பி, ஒரு உதவி. வைசியாள் வீதிக்கு ரெண்டு தெரு தள்ளி, மாடில பச்ச ஜன்னல், தாழ்வாரத்துல நாலு மரத்தூண், மூணாவது தூண் அடில கரையான் அரிச்சிருக்கும், அந்தப் பக்கம் போனா பாட்டி இருக்காங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுப்பா. ஆத்தூர் பக்கம் எங்க சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இன்னும் சுண்ணாம்பு அரைச்சுப் பூசறாரு, அவர்கிட்ட பேசிட்டேன், வர்றேன்னு சொல்லிட்டாரு.