ரீமாஸ்டருக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கா. (கோவை)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜாஸ் இசைத்தட்டுகளின் மறுவெளியீடு பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை ஒரு சிற்றிதழுக்காகத் தமிழில் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து, பழைய நாடாவிலிருந்து ஒலியின் அளவுகளை மறுபடி அமைத்து வெளியிடுவதைக் குறிக்கும் ‘ரீமாஸ்டர்’ என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வருவதால் சுற்றிவளைத்து எழுதித் தப்பிக்கவும் வழியில்லை.

பின்னணி இதுதான். சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’ ஆல்பம் 1957 செப்டம்பரில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் அமைத்திருந்த கூடத்தில் பதிவானது. ப்ளூ நோட் இசை நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டை வெட்டியவரும் அவரே. 1990களின் இறுதியில் அதே வான் கெல்டர் தம் பழைய நாடாக்களை மறுபடி கையிலெடுத்து ஒரு சி.டி. வரிசை செய்துகொடுத்தார், இந்த ஆல்பமும் அதில் வந்தது. பிறகு 2022இல் கெவின் கிரே என்ற ஒலிப் பொறியாளர் வெட்டிய தட்டு ப்ளூ நோட்டின் ‘டோன் போயட்’ மறுவெளியீட்டு வரிசையில் வெளிவந்தது. வாசித்தவர்களும் வாசிப்பும் மாறவில்லை. ஆனால் மூன்றும் காதில் மூன்று விதமாக விழுகின்றன. எது நல்லது என்று சேகரிப்பவர்கள் போடும் சண்டைதான் கட்டுரை.

‘மறுபதிவு’ என்றால் கலைஞர்கள் திரும்ப வாசித்ததாகிவிடும். ‘மறுவெளியீடு’ ரீஇஷ்யூவுக்குப் போய்விட்டது. ரீமிக்ஸுக்கு ‘மறுகலவை’ வைத்திருக்கிறேன். இதழாசிரியர் ‘தரமுயர்த்தல்’ என்று போடச் சொல்கிறார். தரம் உயர்ந்ததா இல்லையா என்பதே வழக்காக இருக்கும்போது, தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வே. (சிங்கப்பூர்)

கா. அக்கா, ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சொல் தேடுமுன் வேலை என்ன என்று எல்லோருக்கும் தெளிவாக இருப்பது நல்லது.

மூல நாடாவை எடுத்து, அது பதிவான காலத்துக் கருவிக்கு ஏற்றபடி வாசிப்பானின் தலையைச் சரிசெய்து, ஓட்டிக் கேட்கிறார்கள். அடித்தொனி எவ்வளவு, மேல்தொனி எவ்வளவு, ஒலியளவு எவ்வளவு என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார். தட்டு என்றால் அந்த முடிவு அப்படியே வெட்டு இயந்திரத்துக்குப் போய், அரக்குப் பூசிய தட்டில் பள்ளமாக விழுகிறது. இதுதான் மாஸ்டரிங். நாடாவில் இருப்பதில் எதை எவ்வளவு வெளியே விடுவது என்று ஒரு மனிதக் காது எடுக்கும் முடிவு அது. 1950களில் மலிவான பிளேயர்களில் முள் எகிறிவிடக் கூடாதென்று அடித்தொனியைக் குறைத்து வெட்டுவது வழக்கம். இன்றைய முள்ளும் கையும் தாங்கும் என்பதால் கிரே போன்றவர்கள் நாடாவில் உள்ளதை உள்ளபடி விடுகிறார்கள். ‘ப்ளூ டிரெய்ன்’ புதிய தட்டில் பால் சேம்பர்ஸின் பாஸ் தந்தி அதிர்ந்து அடங்கும் வரை கேட்கிறது. என்னிடம் உள்ள சி.டி.யில் விரல் படும் சத்தம் முன்னால் வருகிறது, தந்தியின் உடல் பின்னால் போய்விடுகிறது.

இன்னொன்று. மாஸ்டர் டேப்புக்கு, அதாவது அந்த மூல நாடாவுக்கு, தயவுசெய்து ‘தாய் நாடா’ என்று போட்டுவிடாதீர்கள். அரக்குத் தட்டின் மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து உரித்தெடுக்கும் முதல் உலோக அச்சுக்குத் தந்தை என்றும், அதிலிருந்து எடுப்பதற்குத் தாய் என்றும் ஆலையில் ஏற்கெனவே பெயர் உண்டு. தாயிலிருந்து வருவதுதான் தட்டுகளை அழுத்தும் அச்சு. நாடாவையும் தாயாக்கினால் வாசகர் குழம்பிப் போவார்.

இரா. (மதுரை)

அன்புள்ள கா. அம்மையாருக்கு,

இந்தத் தொழிலுக்குத் தமிழில் புதுச் சொல் படைக்க வேண்டியதே இல்லை. இளங்கோவடிகள் தந்துவிட்டார். கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி யாழைத் தொழுது வாங்கிச் செய்யும் எட்டுத் தொழில்களை நினைவுகூர்க: பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு. முதலாவதாகிய பண்ணல், பாட நினைத்த பண்ணுக்கேற்ப நரம்புகளை அமைத்தல். எட்டும் முடித்து, குற்றமில்லை என்று செவியால் தெளிந்த பின்னரே அவள் யாழைக் கோவலன் கையில் நீட்டுகிறாள். தம்பி வே. சொன்ன மனிதர் செய்வதும் இதுவே. செவியால் தேர்ந்து, கேட்பவர் கையில் கொடுக்கிறார். எனவே மாஸ்டரிங் ‘பண்ணல்’, ரீமாஸ்டரிங் ‘மீள்பண்ணல்’. ஈராயிரம் ஆண்டு இசைமரபுள்ள மொழி இதற்காகக் கையேந்தக் கூடாது.

மீ. (டொராண்டோ)

ஐயா, உங்கள் புலமைக்கு வணக்கம். ஆனால் இன்று ‘பண்ணல்’ என்று படிக்கிறவர் ‘பண்ணுகிறது’ என்றுதான் படிப்பார். ‘வான் கெல்டர் மீள்பண்ணல் செய்தார்’ என்ற வாக்கியத்தை யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். சமையலா, பொங்கலா என்று கேட்பார்கள்.

ஜாஸ் என்பதை ஜாஸ் என்றே எழுதுகிறோம். சாக்ஸஃபோன், டிரம்பெட், சி.டி. எல்லாம் அப்படியேதான் நிற்கின்றன. இந்தத் தட்டுகளைத் தமிழில் படித்து வாங்கக்கூடியவர் அட்டையில் ‘ரீமாஸ்டர்டு’ என்று அச்சிட்டிருப்பதைத்தான் தேடுவார். நேராக ‘ரீமாஸ்டர்’ என்று எழுதிவிடலாம். தூய்மை பார்த்துப் பார்த்து நம் கலைச்சொற்களில் பாதி அகராதியில் தூங்குகின்றன.

சிவ. (யாழ்ப்பாணம்)

எல்லோருக்கும் வணக்கம். மீ. அக்காவின் கவலை விளங்குகிறது. ஆனாலும் சொல் தூங்குவது சொல்லின் பிழை இல்லை. சி.டி.க்கு நாங்கள் ‘இறுவட்டு’ என்று வானொலியிலும் பத்திரிகையிலும் பாவித்துப் பழகிவிட்டோம். தமிழகத்தில் ‘குறுந்தகடு’ என்கிறீர்கள். இரண்டையும் விளங்காதவர் இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னால் நிற்கும்.

என் எண்ணம் வேறு. வே. விபரித்ததைப் படித்தபோது பதிப்பாசிரியரின் வேலைதான் நினைவுக்கு வந்தது. ஏட்டை எடுத்து, சிதைந்த இடம் எது, எழுதினவர் கைப்பிழை எது, எந்தப் பாடம் கொள்ளத்தக்கது என்று தீர்மானிப்பவர் அவர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய எங்கள் சி. வை. தாமோதரம்பிள்ளை செய்தது அதுதானே. நாடா என்பது ஏடு, தட்டு என்பது பதிப்பு. ஆகவே ‘மீள்பதிப்பு’, அல்லது இன்னும் சரியாக, ‘ஒலிப்பதிப்பு’.

இரா. (மதுரை)

தாமோதரம்பிள்ளை அவர்களின் பெருமையை எவரும் மறுக்கவில்லை. அதே 1887இல் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும் வெளிவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது முறை.

ஆனால் ‘பதிப்பு’ இங்கே ஆகாது. தட்டை ஆலையில் அழுத்தி எடுப்பதும் பதிப்பு, வெளியீட்டின் முறையும் பதிப்பு, இதுவும் பதிப்பு என்றால் எது எது?

‘மறு’ பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. மறு என்றால் களங்கம். மறுவற்ற திங்கள் என்கிறோம். பழுது நீக்கும் ஒரு செயலுக்குக் களங்கத்தை முன்னொட்டாக வைப்பதா? ‘மீள்’ என்பதிலும் இலக்கணச் சிக்கல் உண்டு. மீள்தல் தன்வினை, ஒலி தானே திரும்பி வராது, ஒருவர் மீட்க வேண்டும். அவ்வாறாயின் ‘மீட்டல்’. யாழை மீட்டுவதும் மீட்டல், இழந்ததைப் பெறுவதும் மீட்டல்!

வே. (சிங்கப்பூர்)

ஐயா, கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஒலிமீட்பு’ எங்களுக்கு வேறு வேலைக்குத் தேவைப்படுகிறது. பழைய 78 ஆர்.பி.எம். தட்டிலிருந்து கீறல் சத்தத்தையும் இரைச்சலையும் எடுப்பது மீட்பு. ‘ப்ளூ டிரெய்ன்’ நாடாவில் மீட்க ஒன்றுமில்லை.

‘மறு’வுக்குக் களங்கம் என்று பொருள் கொண்டால் மறுமலர்ச்சி, மறுவாழ்வு, மறுநாள் எல்லாம் போய்விடும். அதை விட்டுவிடலாம்.

சிவ. அண்ணை சொன்ன ஏட்டு ஒப்புமை எனக்கு மிகவும் பொருந்துகிறது. முதல் வெளியீடுதான் உண்மை, மற்றதெல்லாம் கலப்படம் என்று பேசும் சேகரிப்பாளர்களுக்கு அதில் ஒரு பதிலும் இருக்கிறது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவின்போது முதன்மை நாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசை வேகமாகி, சுருதி சற்று ஏறிவிட்டது. தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும் அப்படித்தான் வெளிவந்தன. சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவிலிருந்து எடுத்து 1992இல்தான் திருத்தினார்கள். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, கூடவே வாசித்துப் பழகிய மாணவர்கள் எல்லோரும் தங்கள் கருவியின் சுருதியைத் தட்டுக்காக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் பதிப்பில் கைப்பிழை, பின்னால் வந்தவர் ஒப்புநோக்கித் திருத்தினார். பாடபேதம் என்றால் இதுதான்.

சிவ. (யாழ்ப்பாணம்)

அருமை தம்பி. பதிப்பு வேண்டாம் என்றால் ‘செப்பம்’ பொருந்துமா? செம்மையிலிருந்து வந்தது. ‘மறுசெப்பம்’.

இரா. (மதுரை)

‘செப்பம்’ நல்ல சொல். ‘செப்பம் உடையவன் ஆக்கஞ் சிதைவின்றி’ என்பார் வள்ளுவர், நடுவுநிலைமை அதிகாரத்தில். ஒருபாற் கோடாது நேரே நிற்றல். அதே அதிகாரத்தில்தான் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று வருகிறது. ஒலித்துறையார் தொனிகளைச் சமன்செய்வதற்கு ஒரு சொல் வைத்திருப்பார்களே, அதற்கு ‘சமன்செய்தல்’ என்பதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் பண்ணலின் இசைப்பொருள் செப்பத்தில் இல்லை. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ப. (தஞ்சாவூர்)

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘செப்பம்’ என்றதும் எழுதத் தோன்றியது. 1980களில் அரக்குக்குப் பதிலாகச் செம்பு பூசிய தட்டில் நேரடியாகப் பள்ளம் வெட்டும் முறை ஒன்று ஜெர்மனியில் வந்தது. டி.எம்.எம். என்று அட்டையில் போட்டிருப்பார்கள். செம்பில் வெட்டியது என்றால் நம் மொழியில் அது செப்பேடுதானே! லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போன ஆனைமங்கலச் செப்பேட்டில் சோழர் சொல்லை உளியால் வெட்டினார்கள், இவர்கள் ஒலியை வைர ஊசியால் வெட்டுகிறார்கள். அந்த முறைக்கு ‘செப்பேட்டு வெட்டு’ என்று பெயர் வைக்கலாம். செப்பு, செப்பம், செம்மை, செப்புதல் நான்கும் ஓரடியா என்பதையும் இரா. ஐயா விளக்கினால் நன்றாக இருக்கும்.

மீ. (டொராண்டோ)

செப்பேடு அழகு. ஆனால் கட்டுரையில் டி.எம்.எம். வருகிறதா, கா.?

‘செப்பம்’ மீது எனக்கு ஓர் ஐயம். அதில் ‘சரியாக்கியது’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதழாசிரியரின் ‘தரமுயர்த்தல்’ வேண்டாம் என்று சொன்ன அதே காரணம் இதற்கும் பொருந்தாதா? வான் கெல்டரே எல்.பி. தட்டுதான் ஒலியைக் கெடுக்கிறது, அது ஒழிந்தது நல்லது என்று நினைத்தவர். அவர் செய்த சி.டி.க்களைக் கூர்மையாகவும் நெருக்கமாகவும் இருக்கிறது என்று இன்றைய தட்டுப் பிரியர்கள் ஒதுக்குகிறார்கள். பதிவுசெய்தவரே செப்பம் என்று தந்ததை இவர்கள் செப்பம் இல்லை என்கிறார்கள். நாம் யார் பக்கம்?

வே. (சிங்கப்பூர்)

மீ. அக்கா, சரியான கேள்வி. காது தீர்ப்புச் சொல்லும் என்றும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மூல நாடாவிலிருந்து நேரடியாக வெட்டியவை என்று வாங்கியவர்கள் நம்பியிருந்த மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுவெளியீட்டு நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல் வெளியே வந்தது. வழக்கு வரை போனது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தட்டுகளைக் காட்டித்தான் டிஜிட்டல் கலக்காத ஒலி என்றால் இதுதான் என்று பலர் வாதாடியிருந்தார்கள்.

ஆனாலும் ‘செப்பம்’ எனக்குச் சம்மதம். பழைய பதிப்புகளிலும் ‘செப்பம் செய்தவர்’ என்று போட்டால் அவர் செய்தது எல்லாம் சரி என்று பொருளில்லை. பொறுப்பு அவருடையது என்று பொருள். தட்டிலும் அப்படித்தான். கடைசிப் பள்ளத்துக்கும் நடுச்சீட்டுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் ‘ஆர்.வி.ஜி.’ என்று ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகளோ ‘வான் கெல்டர்’ என்றோ பொறித்திருக்கும். சேகரிப்பவர்கள் விலை பேசுமுன் முதலில் தேடுவது அதைத்தான். 1966க்கு முந்தைய ப்ளூ நோட் தட்டு என்றால், ஆலையின் அடையாளமாகக் காது போல வளைந்த ஒரு சிறு ஆங்கில ‘பி’ (P) எழுத்தும் பக்கத்தில் இருக்கும்.

கா. (கோவை)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று இரவு கோப்பை அனுப்பியாக வேண்டும்.

கட்டுரையில் ரீஇஷ்யூ ‘மறுவெளியீடு’, மாஸ்டரிங் ‘ஒலிச்செப்பம்’, ரீமாஸ்டரிங் ‘மறுசெப்பம்’. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ரீமாஸ்டர் எனப்படும் மறுசெப்பம்’ என்று எழுதுகிறேன், மீ. சொன்ன வாசகருக்காக. மாஸ்டர் டேப் ‘மூல நாடா’. கருத்துச் சொன்னவர்களில் மூவர் ‘மறுசெப்ப’த்துக்கு இசைந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டி.எம்.எம். கட்டுரையில் வரவில்லை, ப. ஐயா. வந்திருந்தால் செப்பேடு என்றே போட்டிருப்பேன்.

மீ. (டொராண்டோ)

இசையவில்லை, களைத்துவிட்டேன். என் மொழிபெயர்ப்புகளில் ‘ரீமாஸ்டர்’ என்றே எழுதுவேன். உங்கள் கட்டுரையில் அது வேண்டாம் என்பதை ஏற்கிறேன்.

இரா. (மதுரை)

என் மாற்றுக் கருத்தைக் குழுவின் பதிவுக்காக எழுதிவைக்கிறேன்: பண்ணல், மீள்பண்ணல். பின்னால் வருபவர் யாரேனும் எடுத்துக்கொள்ளட்டும். ப. அவர்களின் வேர்ச்சொல் கேள்விக்குத் தனி இழையில் விரிவாக விடை எழுதுவேன்.

சிவ. (யாழ்ப்பாணம்)

தம்பி வே., அந்த வெற்று வளையத்துக்கு உங்கள் துறையில் தமிழில் ஏதும் சொல்கிறீர்களா? ஏட்டின் ஈற்றில் எழுதினவர் தன் பெயரைப் பொறிக்கும் இடம் மாதிரி இருப்பதால் ‘ஈற்றோரம்’ என்று எனக்குத் தோன்றுகிறது. கா. இன்னும் கோப்பை அனுப்பியிருக்காவிட்டால் பாருங்கள்.